விழுதல் பரிசோதனை, மூன்றாம் சனி

பதினெட்டுப் பட்டிகள், பதினெட்டுப் பேர், இருபத்தொரு நாள்.
பட்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது நான்.
கேள்வி கேட்பதும்
பதிலை எண்ணாக்குவதும் நான்தான்.

முதல் கிழமை முறைப்பாடுகள்:
பருத்தித்துறை பஸ் கொண்டக்டர் கேதீசன்
ஒரே நாளில் அறுபத்திரண்டாயிரம் அடி நடந்திருந்தார்.
பாதி நடை றோட்டுக் குழிகளுடையது.
கொக்குவில் ரியூசன் வாத்தியார் பவானந்தன்
கரும்பலகையில் தொகையீடு எழுதும்போதெல்லாம்
நீந்துகிறார் என்றது பட்டி.
"எனக்கு நீச்சல் தெரியாது, ஆனா எழுதிக்கொள்ளுங்கோ" என்றார்.
சைக்கிளில் எட்டுக் கட்டை மிதித்து வந்தவளை
அசையவே இல்லை என்றது.
அவள் கைகள் ஹாண்டிலில் இருந்தன.

நண்டுக் கொம்பனியில் வேலை செய்யும் டெய்சிமலரை
மணிக்கொரு தரம் அதட்டியது:
நீண்ட நேரமாக அமர்ந்திருக்கிறீர்கள், எழுந்து நில்லுங்கள்.
"விடிய ஆறு மணிக்கு நிண்டனான் பிள்ளை.
இதுக்கு மேல எங்க எழும்பிறது,
முகட்டிலயோ?"
வசதியாக இருந்ததா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?
"மூண்டு போடுங்கோ.
பாவம், அது படிச்சு வரட்டும்."

மூன்றாம் சனிக்கிழமை.
குருநகர் சனசமூக நிலையம்,
பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நீல மெத்தை,
கதிரையில் மடிக்கணினி.
அதற்குள் கொழும்பிலிருந்து ஷெஹான்.
படிவத்தில் நான்கு பெட்டி:
முன், பின், இடம், வலம்.
நான் சொன்னது இவ்வளவுதான்:
கை தட்டுவேன், விழுங்கோ.

இளசுகள் பகிடியாய் விழுந்தார்கள்.
நெஞ்சைப் பிடித்து ஒருத்தன்,
வெட்டின வாழை மாதிரி ஒருத்தி,
ஆசைக்கு இன்னொரு தரம் வேறொருத்தன்.
ஒவ்வொரு முறையும் பட்டி பதறியது:
விழுந்துவிட்டீர்களா? உதவி தேவையா?
மண்டபம் சிரித்தது.

பிறகு டெய்சிமலர்.
கை தட்டினேன்.
முழங்கால், முழங்கை, வயிறு.
அந்த ஒழுங்கில், சத்தமே இல்லாமல்.
குப்புறக் கிடந்தா.
நெஞ்சு மட்டும் மெத்தையில் படாமல் கொஞ்சம் உயர்ந்து,
பெருவிரல்கள் காதுக்குள்,
வாய் திறந்தபடி.

பட்டி ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது வாத்தியார்.
அதே முழங்கால். அதே முழங்கை.
மூக்குக்கண்ணாடி எப்போது சட்டைப்பைக்குள் போனது
என்று நான் காணவில்லை.
வாய் திறந்தபடி.

கேதீசன் வண்டியும் தொந்தியுமான ஆள்.
அவரும் அப்படியே.
ஆனால் இடக்கையால்
பக்கத்தில் இல்லாத எதையோ
தனக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ஷெஹான் கேட்டான்:
நீ இவர்களுக்குப் பழக்கிவிட்டாயா?
நான் இல்லை என்றேன்.
நான் இரண்டாயிரத்து இரண்டில் பிறந்தவள்,
எனக்கே தெரியாத ஒன்றை எப்படிப் பழக்குவது.

அதற்குப் பிறகு கை தட்டவில்லை.
"விழுங்கோ" என்று மெல்லத்தான் சொன்னேன்.
மெல்லச் சொன்னாலும்
அப்படியேதான் விழுந்தார்கள்.

நாற்பது தாண்டியவர்கள் ஏழு பேர்.
பதிவான வீழ்ச்சி: பூச்சியம்.
திரையில் கோடு ஒரு இடத்திலும் குதிக்கவில்லை,
தண்ணீருக்குள் இறங்குகிற படி போல
பதனமாய்க் கீழே போய் நின்றது.
ஏழையும் கழித்துவிடுவோம் என்றான் ஷெஹான்,
கெட்ட மனத்தோடு அல்ல,
அறிக்கை திங்கட்கிழமை போகவேண்டும்.
நான் மைக்கை அணைத்துவிட்டு
தண்ணீர்ப் போத்தலைத் தேடினேன்.

டெய்சிமலர் சட்டையைத் தட்டிக்கொண்டு வந்தா.
பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தா.
மணிக்கட்டைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம்.
"சரியா விழுந்தனானோ பிள்ளை?"

முன், பின், இடம், வலம்.
பேனை நான்கிலும் தயங்கி
ஓரத்தில் ஐந்தாவதாய் ஒரு பெட்டி கீறியது.
அதற்குப் பெயர் கேட்கத்தான் நிமிர்ந்தேன்.
அவ காசுக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு
இரண்டு மணி வேலைக்கு
ஒழுங்கை முனையில் ஓடிக்கொண்டிருந்தா.
மேசையில் பட்டி
பூச்சியம் அடி என்று காட்டியது.